மேகா சிரிக்கவில்லை, அண்ணி

என்னோடு சண்டை போடவும் தெரிந்த, சண்டையைத் தானே முடித்துவைக்கவும் தெரிந்த என் அண்ணிக்கு,

உங்களுக்கு எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே உட்கார்ந்து பார்க்கிறேன். உட்கார முடியவில்லை. இந்த வரியை எழுதிவிட்டுக்கூட எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், தண்ணீர் குடித்தேன், திரும்ப வந்தேன். கீழே பிரிக்பீல்ட்ஸ் தெருவில் ஒரு லோரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். என் மனசும் அப்படித்தான் கிடக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணன் நன்றாக இருக்கிறார். அதாவது, வேலைக்குப் போகிறார், வருகிறார். துறைமுகத்தில் அதே லோரிதான் ஓட்டுகிறார். கிள்ளான் வீட்டில் உங்கள் வரைமேசையை நகர்த்தக்கூட விடவில்லை. அதன் ஓரத்தில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறார். நான் இன்னும் அதே பல் கிளினிக் கவுண்டரில்தான். பயந்து அழுகிற பிள்ளைகளுக்கு உங்கள் கார்டு ஒன்றைக் கொடுத்துச் சமாதானப்படுத்துகிறேன்.

கார்டுகள் ஓடுகின்றன, அண்ணி. நீங்கள் இருந்தபோது ஓடியதைவிட வேகமாக ஓடுகின்றன. சந்தோஷமான செய்திதானே, இதை ஏன் இவள் இப்படி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இந்தக் கார்டுகள் எப்படி ஆரம்பித்தன என்று என்னைப் பலரும் கேட்கிறார்கள். உங்கள் அக்கா மகள் ஒரு கட்டு கார்டோடு வீட்டுக்கு வந்த அந்த மத்தியானத்தைத்தான் சொல்வேன். பத்து வயதுப் பெண்களுக்கென்றே எங்கோ அச்சடித்த கார்டுகள் அவை. நீங்கள் ஒவ்வொன்றாகப் புரட்டினீர்கள். "என்னடி இது, எல்லாத்துக்கும் ஒரே மூக்கு!" என்றீர்கள். மூக்கு மட்டுமா? ஒரே இடுப்பு, ஒரே பொன்னிற முடி. "நம்ம புள்ளைங்கள வரைஞ்சு போட்டா வாங்க மாட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பென்சிலைத் தேடினீர்கள்.

அப்படி வந்தவர்கள்தான் நம் வாயாடிகள். தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டில் சைக்கிள் மிதிக்கிற கிள்ளான் கவிதா. பல்லுக்குக் கம்பி போட்ட செந்தூல் பிரியா. எண்ணெய் வைத்த இரட்டைச் சடையோடு கால்பந்தில் கோல் காக்கிற டெங்கில் ஷாமினி. ஒவ்வொருத்திக்கும் கீழே மூன்று மதிப்பெண்: தைரியம், வேகம், வாய்.

"வாய்க்கு எதுக்கு அண்ணி மார்க்கு?" என்று நான் கேட்டேன்.

"இந்த வயசுப் பொண்ணுங்கள எல்லாரும் வாய மூடுன்னுதான சொல்றாங்க? நம்ம கார்டுலயாவது வாய் உள்ளவ ஜெயிக்கட்டும் லா."

பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் முதலில் வாய் எத்தனை என்றுதான் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் மேசை போட்டால் போதும், கூட்டம் கூடிவிடுகிறது. "துக்கார் பண்ணலாமா?" என்று கார்டை மாற்றிக்கொள்ளக் கேட்கிற சத்தத்தில் என் காது அடைத்துவிடுகிறது.

அந்தக் கூட்டத்தில் எல்லாரும் தேடுவது ஒருத்தியைத்தான். மேகா. நீங்கள் கடைசியாக வரைந்தவள். கறுத்த முகம், கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், தாடையில் மூன்று வெண்புள்ளிகள். வானத்து மேகம் மாதிரி வரைந்து, பின்னணியிலும் அதே வெள்ளை மேகங்களைப் போட்டு, பளபளப்புத் தாளில் அடிக்கச் சொன்னீர்கள். யாரைப் பார்த்து வரைந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பந்திங்கில் நீங்கள் சனிக்கிழமை ஓவிய வகுப்பு எடுத்தபோது முன் வரிசையில் உட்கார்ந்திருந்த லோஷினி. அப்போது அவளுக்குப் பத்து வயது.

சில வாரங்களுக்கு முன்பு அந்த லோஷினி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஆறாம் ஆண்டு படிக்கிறாளாம், நன்றாக உயர்ந்துவிட்டாள். அவள் அம்மா சாந்தி பூ வாங்கத் தெருவுக்குப் போயிருந்தார். சுற்றி இருந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து அவளையே பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "வாம்மா மேகா!" என்றேன்.

அவள் மேசைமேல் ஒரு மேகா கார்டை வைத்தாள்.

"என் பேரு லோஷினி. இந்தக் கார்ட இனிமே போடாதீங்க ஆன்டி."

நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏன்மா, எவ்ளோ அழகா இருக்க இதுல? எல்லாரும் உன்னத்தான் தேடுறாங்க."

"நான் சிரிக்கிற மாதிரி வரைஞ்சிருக்காங்க. அன்னைக்கு நான் சிரிக்கல. டீச்சர் என்னயே பாத்துப் பாத்து வரைஞ்சப்ப எனக்கு எழுந்து போயிரணும்போல இருந்துச்சு."

அதற்குள் சாந்தி பூப்பொட்டலத்தோடு வந்துவிட்டார். "கார்டு அக்காகிட்ட பேசிட்டியா?" என்று மகளின் தோளில் கை போட்டார். லோஷினி தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு பேரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எந்தப் பாக்கெட்டை யாருக்குக் கொடுத்தேன் என்றே எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்துதான் இந்த நிலைகொள்ளாமை. கிளினிக்கில் ஒருவர் பேரைக் கூப்பிட வேண்டிய இடத்தில் இன்னொருவர் பேரைக் கூப்பிடுகிறேன். மாடிப்படி ஏறி வந்து, எதற்கு வந்தேன் என்று மறந்து திரும்ப இறங்குகிறேன். நீங்கள் சொன்னது திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது: "அவங்க அம்மாகிட்ட கேட்டுட்டேன் சுமதி, ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

அம்மாவிடம் கேட்டீர்கள். அவளிடம் கேட்டீர்களா, அண்ணி?

கேட்டிருப்பீர்கள் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. நீங்கள் கேட்காமல் ஒரு டம்ளரைக்கூட எடுக்க மாட்டீர்களே. ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீங்கள் வரைந்திருக்க மாட்டீர்கள். அப்படியானால் கேட்கவில்லை. அல்லது, பத்து வயதுப் பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தலையாட்டியதா? இதில் எது என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்? செத்துப்போனவர்கள்மேல் கோபப்படக்கூடாதாம். நான் பட்டேன். நன்றாகவே பட்டேன்.

மறுநாளே கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் வரைமேசை ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"எடுக்கணுமா?"

"அந்தப் புள்ள கேக்குதுண்ணே."

"வகுப்புல பாத்துப் போட்டு வச்சிருந்தத ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து வரைஞ்சு முடிச்சா. ஒரு கையில ஊசி குத்தியிருந்துச்சு. இந்தக் கன்னத்துக் கோட்ட எத்தன தடவ அழிச்சு அழிச்சுப் போட்டான்னு நான் பக்கத்துலயே இருந்து பாத்தேன். அவளே போயிட்டா. அவ போட்டதயும் நாம எடுத்துறணுமா?"

அவர் எழுந்துபோய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த காரைக் கழுவ ஆரம்பித்தார். தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. நான் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டேன்.

ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் அந்தப் பெண். இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் புரிந்தது, அதுதான் தொல்லை. அந்த வார முடிவில் பந்திங் பஸ்ஸில் ஏறினேன். ஏன் போகிறேன், போய் என்ன சொல்லப்போகிறேன் என்று எதுவும் தெரியாது. வழி நெடுக செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தேன்.

சாந்தி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். உள்ளே நுழைந்ததும் டிவிக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மேகா. "வர்றவங்க எல்லாருக்கும் இததான் மொதல்ல காட்டுவேன்கா," என்றார். "ஒங்க அண்ணிய நான் மறக்கவே மாட்டேன். எம்புள்ளய பாத்து எல்லாரும் எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க, என்ன மருந்து போடுறீங்கன்னுதான் கேட்டாங்க. அழகுன்னு சொன்னது அவங்க ஒருத்தங்கதான்."

அவர் மைலோ கலக்கச் சமையலறைக்குப் போனார். லோஷினி எனக்கு எதிரே நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு, கதவைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஸ்கூல்ல ஒருத்தி கார்ட கொண்டாந்து என் கன்னத்துக்குப் பக்கத்துல வச்சிப் பாத்தா ஆன்டி. கார்டுல மூணுதான் இருக்கு, உனக்கு ஏன் அஞ்சுன்னு கேட்டா. நான் என்ன சொல்றது? நான் வளருறேன், அதுவும் வளருது. கார்டு வளராதுல்ல."

அப்போதுதான் பார்த்தேன். கழுத்தில் ஒன்று, காதோரம் ஒன்று. புதியவை.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. சாந்தி டம்ளரோடு சமையலறை வாசலிலேயே நின்றார்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் எல்லார்கிட்டயும் அத காட்டிக்கிட்டே இருக்கீங்களேமா."

சாந்தி டம்ளரை என் கையில் கொடுத்தார். சட்டத்தைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் ஐஸ்பெட்டிமேல் வைத்தார், பிறகு எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார், கடைசியில் அலமாரிக்குள் துணிக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினார். அந்த அம்மாவைப் பார்க்கவும் எனக்குப் பாவமாக இருந்தது. யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் அந்தப் பிள்ளை இவ்வளவு நாளும் அந்தச் சட்டத்தைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறது.

திரும்பும் வழியில் கிள்ளானில் இறங்கினேன். அண்ணனிடம் வேறெதுவும் சொல்லவில்லை. மூணு, அஞ்சு, கார்டு வளராது என்று அவள் சொன்னதை மட்டும் அப்படியே சொன்னேன். அவர் உள்ளே போய் விற்காத பாக்கெட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தார்.

"கத்தரிக்கோல் எடுத்துட்டு வா."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பாக்கெட்டுகளைப் பிரித்தோம். மேகா இருந்தால் எடுத்துவிட்டு, வேறொருத்தியை வைத்துத் திரும்ப ஒட்டினோம். ஒவ்வொரு மேகாவையும் அண்ணன் முகம் மேலே தெரியும்படி, நேராக அடுக்கி வைத்தார். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அவ கையால வரைஞ்ச அந்த மொதப் படத்த மட்டும் நான் வச்சிக்கலாமான்னு அந்தப் புள்ளகிட்ட கேளு. வேணாம்னா குடுத்துறேன்."

அங்கிருந்தே லோஷினிக்குப் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "அங்கிள் வச்சிக்கட்டும். ஆனா யாருக்கும் காட்டக்கூடாது," என்றாள். சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். இப்போது அந்தப் படம் உங்கள் புடைவைகளோடு இருக்கிறது.

இதோடு முடிந்தது என்று நினைத்து, நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பிள்ளைகளின் அம்மாமார் வாட்ஸ்அப் குழுவில், மேகாவைத் திருப்பிக் கொடுத்தால் பிடித்த பளபளப்புக் கார்டு இரண்டு தருகிறேன் என்று போட்டுவிட்டேன். அவ்வளவுதான். மேகா இனி வராதாம் என்று எங்கும் பரவிவிட்டது. கொடுக்க வருவார்கள் என்று பார்த்தால், இருந்தவர்கள் எல்லாரும் ஒளித்துவைத்துவிட்டார்கள். இல்லாதவர்கள் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் சுபாங்கிலிருந்து கிளினிக்குக்கே வந்து கேட்டார்.

லோஷினி போனில் என்னைத் திட்டினாள்.

"ஏன் ஆன்டி சொன்னீங்க? சொன்னா யாராச்சும் குடுப்பாங்களா? சும்மா துக்கார் பண்ணி வாங்கியிருக்கலாம்ல. விடுங்க, ஞாயித்துக்கெழம நானே வரேன்."

வந்தாள். என்னிடமிருந்த பளபளப்புக் கார்டுகளை எல்லாம் வாங்கி முன்னால் பரப்பிக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பூச்சோங்கிலிருந்து வந்த கண்ணாடிக்காரப் பெண் ஒருத்தி அவள் முகத்தையும் கையிலிருந்த கார்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ... மேகாவா?"

"ஆமா, என்னப் பாத்துதான் வரைஞ்சாங்க. அதனாலதான் கேக்குறேன். தரியா, மாட்டியா?"

"மூணு குடு. இது ரேர் லா!"

"மூலையப் பாரு, மடங்கியிருக்கு. மடங்குன கார்டுக்கு ஒண்ணு குடுக்குறதே பெருசு."

"ரெண்டு."

"ஒண்ணு. ஆனா ஷாமினி. உங்கிட்ட ஷாமினி இல்லன்னு எனக்குத் தெரியும்."

ஷாமினியை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் போய்விட்டாள். இப்படியே எத்தனை பேர்! ஒருத்தியிடம் கெஞ்சல், ஒருத்தியிடம் மிரட்டல், ஒருத்தியிடம் வேண்டாம் போ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவளே திரும்ப வரும்வரை காத்திருப்பது. நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அண்ணி. அவளுக்கு வாய் ஆறு என்று போட்டிருக்கிறீர்கள். ஆறா அது?

கடைசியாக ஒரு சின்னப் பெண் வந்தாள். செந்தூலிலிருந்து அவள் அப்பா மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்திருந்தார். எட்டு வயது இருக்கும், பெயர் ஜஸ்மிதா. மேகாவை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். மாற்ற வரவில்லை, மேகாவைப் பார்க்கத்தான் வந்தாளாம்.

"துக்கார் பண்றியா? அஞ்சு தரேன்," என்றாள் லோஷினி. அதுவரை யாருக்கும் அவள் அவ்வளவு சொல்லவில்லை.

"மாட்டேன்."

"எல்லாத்தயும் எடுத்துக்கோ."

"மாட்டேன்!" என்று அவள் கார்டை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்தாள். அப்போதுதான் அந்தக் கைகளைப் பார்த்தோம். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெள்ளை. கையுறை போட்டது மாதிரி.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவள் அப்பா மெதுவாகச் சொன்னார்: "குடுக்கலன்னா விட்டுருங்கமா. தூங்குறப்பகூட தலமாட்டுல வச்சிக்குது."

"அக்கா, உங்களுக்கு இது பிடிக்காதா?" என்று ஜஸ்மிதா கேட்டாள். கார்டைக் காட்டிக் கேட்கவில்லை. தன் கையைக் காட்டிக் கேட்டாள்.

லோஷினி நாற்காலியிலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவள் உயரத்துக்குக் குனிந்தாள்.

"இது பிடிக்காம இல்ல. சில நாளு பிடிக்கும், சில நாளு பிடிக்காது. என்னக் கேக்காம போட்டுட்டாங்க, அதுதான் பிடிக்கல. உனக்குப் புரியுதா?"

"ம்."

"நீ வச்சிக்கோ. ஆனா இது நான் இல்ல. மேகாவும் இல்ல. யாரு கேட்டாலும் அப்டி சொல்லக்கூடாது. வேற பேரு வையி."

"என் பேரு வைக்கலாமா?"

லோஷினி என்னிடம் கையை நீட்டினாள். மார்க்கர் பேனாவைக் கொடுத்தேன். மேகா என்ற எழுத்துகளை அவள் கோடு போட்டு அடித்தாள். பேனா ஜஸ்மிதாவிடம் போனது. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஜ-வை ரொம்பப் பெரியதாகவும் மற்றதை இடமில்லாமல் நெருக்கியும், தன் பெயரை அவள் எழுதி முடித்தாள். எழுதிவிட்டுக் கீழே இருந்த மதிப்பெண்ணைப் பார்த்தாள்.

"எனக்கு வாய் ஆறு இல்லக்கா. அப்பா பத்துன்னு சொல்லுவாரு."

அவள் அப்பா சிரித்துவிட்டார். லோஷினியும் சிரித்தாள், அண்ணி. யாரும் வரையாத நேரத்தில் அவள் சிரித்ததை நான் பார்த்தேன். ஆறை அடித்துவிட்டுப் பத்து போட்டுக் கொடுத்தாள்.

சேர்த்த கார்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவற்றை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. வெளியே இன்னும் சில இருக்கலாம். இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு மனம் முழுதாக அடங்கிவிடவில்லை. உங்களிடம் கோபப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்கப்போவதில்லை. நீங்கள் இருந்திருந்தால் இதைக் கேட்டதும் இரண்டு நாள் என்னோடு பேசியிருக்க மாட்டீர்கள். மூன்றாம் நாள் எனக்கு முன்னால் பந்திங் பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். அந்த நம்பிக்கை எனக்கு உண்டு. அதனால்தான் கோபம் ஆறுகிறது.

அடுத்த வரிசைக் கார்டுகளை வரைய ஆள் தேடுகிறோம். யார் வரைந்தாலும் சரி, உங்கள்மேல் சத்தியமாகச் சொல்கிறேன்: ஒவ்வொரு படத்தையும் முதலில் அந்தப் பிள்ளையிடம் தனியாகக் காட்டுவேன். அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் காட்டுவேன். வேண்டாம் என்று அவள் சொன்னால், ஏன் என்று கேட்காமல் அவள் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

என்றும் உங்களோடு மல்லுக்கு நிற்கிற,
உங்கள் நாத்தனார் சுமதி